உலைக்களமும் ஆராய்ச்சிசாலையும்

அரியலூர்ப் பக்கத்துச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இராப்பகலாய் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் இப்பிரதேசத்தை மூடியிருந்த கடலிலே வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் நத்தைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து கல்லாகி, இன்று சிமெண்டாகத் தேசமெங்கும் சென்று வீடுகளாகவும் பாலங்களாகவும் எழுந்து நிற்கின்றன. ஜில்லாவாசிகளுக்கு மிஞ்சுவது வெட்டிய குழியும் பறக்கும் தூசியுமே என்ற முறையீட்டை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அம்முறையீட்டில் நியாயம் உண்டு. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சற்று வேறானது.

அதே சுண்ணாம்புக்கல்லுக்கு மற்றோர் உபயோகமும் இருக்கிறது. வார்ப்பிரும்பு உருக்கும் கியூபோலா உலையில் இரும்பையும் கோக் கரியையும் அடுக்கடுக்காய்ப் போடும்போது, ஒவ்வோர் அடுக்குக்கும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்துப் போடுவது வழக்கம். கரியின் சாம்பலையும் இரும்பின் அழுக்கையும் அக்கல் தன்னோடு இழுத்துக்கொண்டு சிட்டமாய் வெளியேறிவிட, சுத்தமான இரும்பு அடியில் தங்குகிறது. உலைக்கு வேண்டிய கல் நமது ஜில்லாவில் இருக்கிறது. உலையிலிருந்து வரும் பண்டங்களை விலை கொடுத்து வாங்கும் குடியானவர்களும் ஆலைகளும் நமது ஜில்லாவிலேயே இருக்கிறார்கள். ஆனால் கல்லுக்கும் பண்டத்திற்கும் நடுவே நிற்கும் உருக்கும் வித்தையை மாத்திரம் நாம் அயலூராருக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். இதனைத் திரும்பப் பெறவேண்டுமானால், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களை நிலைக்களமாகக் கொண்டு, உலோகம் உருக்கும் உலைகளைச் சீர்திருத்துவதற்கென்றே ஆராய்ச்சிசாலையாரும் தொழில் நடத்துவோரும் கூடி உழைக்கும் ஏற்பாடு ஒன்று ஏற்பட வேண்டும். அவ்வேற்பாட்டின் பயன் பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல் சிறிய உலைக்காரனுக்கும் எட்ட வேண்டும். இதுவே நாம் இன்று வற்புறுத்த விரும்புவது.

உலோகம் உருக்குவது நமது நாட்டாருக்குப் புதிய வித்தையன்று. அரியலூர் ஜில்லாவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைக் கண்டவர்களுக்கும், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைத் தரிசித்தவர்களுக்கும் இதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டினால், சுவாமிமலையில் இன்றைக்கும் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவேரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி விக்கிரகம் வார்த்து வருகிறார்கள். மண் மூசையில் இரும்பைக் கரியோடு அடைத்துக் காய்ச்சி உருக்கு எடுக்கும் முறையும் தமிழ்நாட்டில் முற்காலத்திலேயே வழங்கியது. அதன் அடையாளங்களைப் பழைய தென்னாற்காட்டுப் பகுதியிலுள்ள மேல்சிறுவளூரில் ஆராய்ச்சியாளர் கண்டெடுத்திருக்கின்றனர்.

அந்த உருக்கைப் பற்றிய ஒரு சரித்திரத்தை நமது தேசபக்தர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தார் அதனை 'வூட்ஸ்' என்று வழங்கினர். 1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்ஸன் என்பவர் லண்டன் ராயல் சங்கத்தில் அதைப்பற்றி வியாசம் வாசித்தார். பின்னர், மின்சார விஞ்ஞானத்தில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, தமது இளமையில் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆராய்ச்சிசாலையில் இந்த இந்திய உருக்கைச் சோதித்தார். அவருடன் கூட உழைத்தவர் யார் எனில், ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்யும் தொழிலாளி. விஞ்ஞானியும் கத்திக்காரரும் சேர்ந்து உலை மூட்டி, பல உலோகங்களைக் கலந்து பார்த்து, 1820லும் 1822லும் தமது முடிவுகளை வெளியிட்டனர். அதன்பின் ஷெபீல்டு நகரத்துத் தொழிற்சாலையொன்று அக்கலப்பு உருக்குகளைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. ஆராய்ச்சிசாலையும் தொழிற்சாலையும் கைகோத்துக்கொள்வது என்பது இதுதான். நமது மூசையிலே பிறந்த பொருளை வைத்துக்கொண்டு அவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். அதைப் பிறப்பித்த நமது கொல்லனோடு கூட்டுச் சேர அக்காலத்தில் ஒருவரும் இல்லை. அவன் உலை அவிந்தது.

அதே காலத்தை ஒட்டி நம் பக்கத்திலேயே வேறொரு முயற்சியும் நடந்தது. ஜோஸையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை ஏற்படுத்தினார். சேலத்து இரும்புக்கல் பரிசல்களில் ஏறி, காவேரி வழியாகவும் கொள்ளிடம் வழியாகவும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதாவது, இன்றைய அரியலூர் ஜில்லாவின் தென்னெல்லையை ஒட்டியே அந்தக் கல் மிதந்து சென்றது. கல் உயர்ந்த ஜாதி. இரும்பும் நல்ல இரும்பு. ஆனால் உலைக்கு வேண்டிய எரிபொருள் மரக்கரி. காடுகளை வெட்டிக்கொண்டே போனால் எத்தனை நாளைக்கு ஒரு பெரிய ஆலையை நடத்த முடியும்? கடனும் நஷ்டமும் வளர்ந்தன, ஆலையும் நிலைக்கவில்லை. ஹீத் பிற்பாடு இங்கிலாந்து சென்று, உருக்குச் செய்வதில் மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமை பெற்றார். ஷெபீல்டு முதலாளிகள் அதனால் பெரும் லாபமடைந்தனர். பரங்கிப்பேட்டைக்கு வந்த லாபம் ஒன்றுமில்லை. எரிபொருள் விஷயத்தில் விடை காணாத உலை, எவ்வளவு நல்ல கல்லைப் பெற்றிருந்தாலும் பிழைக்காது என்பதே அந்த ஆலை நமக்கு விட்டுச்சென்ற பாடம். இன்றைக்கும் உலைக்காரனைத் தின்றுவரும் கவலை அந்த எரிபொருட் கவலைதான்.

இவ்விடத்தில் உலையின் உள்விஷயத்தைச் சிறிது விளக்கவேண்டும். கியூபோலா என்பது உள்ளே தீச்செங்கல் பதித்து நிமிர்த்தி நிறுத்திய இரும்புக் குழாய். அடியில் கோக் கரிப் படுக்கை. அதன்மேல் இரும்பு, கரி, சுண்ணாம்புக்கல் என்று மாறிமாறி அடுக்குகள். பக்கத்துத் துளைகளின் வழியே ஊதுயந்திரம் காற்றைச் செலுத்தும். காற்றுப் பட்ட கரி எரிந்து கரியமில வாயுவாகி மிகுந்த உஷ்ணத்தைத் தருகிறது. ஆனால் அவ்வாயு மேலே ஏறும்போது, மேலுள்ள சிவந்த கரியோடு கலந்து கார்பன் மானாக்ஸைட் என்னும் நச்சுவாயுவாக மாறிவிடுகிறது. அப்படி மாறும்போது வந்த உஷ்ணத்தில் ஒரு பங்கை அது விழுங்குகிறது. கரியிலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. இரும்பை உருக்க வேண்டிய சக்தி புகையோடு புகையாய் வானத்திற்குப் போகிறது. உலைக்காரன் காசு கொடுத்து வாங்கிய கரியில் ஒரு பகுதி இரும்பைத் தொடாமலே மறைகிறது.

இதற்குப் பிரிட்டிஷ் வார்ப்பிரும்பு ஆராய்ச்சிச் சங்கத்தார் கண்ட பரிகாரம் மிக எளிது. காற்றை ஒரே வரிசைத் துளைகளின் வழியாய் விடாமல், இரண்டாய்ப் பிரித்து, முதல் வரிசைக்குச் சற்றேறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இரண்டாவது வரிசைத் துளைகளை அமைத்து, அதன் வழியாகவும் காற்றை விடுவதே அது. மேலே ஏறிவரும் நச்சுவாயு அந்தக் காற்றிலே மறுபடி எரிந்து, இழந்த உஷ்ணத்தைத் திரும்பத் தருகிறது. கரியைக் குறைக்காவிட்டால் இரும்பு சுமார் 50 டிகிரி அதிக உஷ்ணத்தில் இறங்கும். பழைய உஷ்ணமே போதுமென்றால் கரியைக் கணிசமாய்க் குறைத்துக்கொள்ளலாம். சொல்லும்போது இது சின்ன விஷயம். ஆனால் துளைகளுக்கிடையே எத்தனை தூரம், எந்த வரிசைக்கு எவ்வளவு காற்று, ஊதுயந்திரத்தின் வேகம் என்ன என்பவையெல்லாம் கணக்காக இருந்தாலன்றி பயன் கிட்டாது. இங்கேதான் ஆராய்ச்சிசாலையின் உதவி அவசியமாகிறது.

நமது தேசத்தில் இம்முறை எப்படிப் பரவியது என்பதைக் கவனிப்போம். 1990களின் மத்தியில், டில்லியிலுள்ள டாடா எரிசக்தி ஆராய்ச்சி நிலையத்தார் (2003 முதல் எரிசக்தி வள நிலையம் என்று பெயர் மாறிய டெரி ஸ்தாபனம்) ஸ்விட்ஜர்லாந்து சர்க்காரின் உதவியோடு சிறு தொழில்களின் உலைகளை ஆராயத் தொடங்கினர். வார்ப்படத் தொழிலுக்கென அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கல்கத்தாவை அடுத்த ஹௌரா. அவர்கள் செய்த காரியங்களில் மிகச் சிறந்ததென நாம் கருதுவது ஒன்று உண்டு. மாதிரி உலையை அவர்கள் தமது ஆராய்ச்சிசாலைக் கொட்டகையில் கட்டவில்லை. தொழில் நடந்துகொண்டிருந்த ஒரு வார்ப்படசாலையிலேயே கட்டினார்கள். 1998இல் அவ்வுலை மூட்டப்பட்டது. முன்பு நூறு பங்கு இரும்புக்கு அடுக்குக் கரி 13.6 பங்கு செலவானது. புதிய உலையில் 8 பங்கே போதுமானதாயிற்று. புகையைக் கழுவித் தூசியை நீக்கும் சாதனமும் அதனோடு சேர்த்து அமைக்கப்பட்டது.

இந்த எண்களின் பொருள் என்ன என்பதை ஒரு கணக்கினால் விளக்குவோம். நாளொன்றுக்கு 5 டன் இரும்பு உருக்கும் ஒரு சிறு உலையை நினைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 136 கிலோ கரி செலவான இடத்தில் 80 கிலோ போதுமானால், டன்னுக்கு 56 கிலோ மிச்சம். நாளொன்றுக்கு 280 கிலோ மிச்சம். வருஷத்தில் 300 நாள் உலை எரிந்தால் 84 டன் மிச்சம். அந்த 84 டன் கரி எரியாமையால் 200 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு ஆகாயத்திற் கலவாது நிற்கும். ஒரு சிறிய உலையின் கணக்கு இது. இந்தியாவில் ஏறக்குறைய 5,000 வார்ப்படசாலைகள் இருக்கின்றன. வார்ப்படப் பண்டங்களின் அளவில் நமது தேசம் சீனத்திற்கு அடுத்தபடியாக நிற்கிறது. அவற்றுட் பெரும்பாலானவை சிறு தொழில்கள். எல்லாம் கியூபோலா உலைகள் அல்லவென்றாலும், மிச்சப்படுத்தக் கூடியது எவ்வளவு என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அன்றியும், கோக் கரி செய்வதற்குரிய நிலக்கரி நமது தேசத்தில் போதிய அளவு நல்ல ஜாதியாய்க் கிடைப்பதில்லை. பெரும் பகுதியை நாம் ஆஸ்திரேலியா முதலிய தேசங்களிலிருந்து இறக்குமதி செய்கிறோம். 2011ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் வெள்ளம் வந்து சுரங்கங்கள் மூழ்கியபோது, உலகச் சந்தையில் அந்நிலக்கரியின் விலை கிடுகிடென ஏறிற்று. எங்கேயோ பெய்த மழை இங்குள்ள உலைக்காரனின் வயிற்றில் அடிக்கும் நிலைமையைச் சுயராஜ்யம் பெற்ற தேசத்தார் சகித்துக்கொண்டிருக்கலாமா? அந்நியத் துணியை விலக்கச் சொன்ன தலைமுறையின் வாரிசுகள் நாம். உலையிலே வீணாகும் ஒவ்வொரு பிடி கரியும் அந்நிய நாட்டுக்குக் கட்டும் வரிதான் என்பதை உணரவேண்டும். கரியை மிச்சப்படுத்துவதும் ஒரு சுதேசி விரதமே.

ஹௌராவில் உலை வெற்றி பெற்றது என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலிருந்த ஹௌராவைக் காட்டிலும், வெகுதூரத்திலிருந்த குஜராத்து ராஜ்கோட்டிலே அந்த உலையை வார்ப்படக்காரர்கள் அதிக ஆவலோடு ஏற்றுக்கொண்டனர். அடுத்த வீட்டில் கிணறு இருப்பவன் தண்ணீரைச் சிக்கனமாய்ச் செலவிடுவதில்லை. தொலைவிலிருந்து குடம் சுமப்பவனே ஒவ்வொரு சொட்டின் விலையையும் அறிவான். பெரம்பலூரும் அரியலூரும் கரி விஷயத்தில் ராஜ்கோட்டைப் போலத் தொலைவில் இருப்பவையே.

விஞ்ஞானம் வரத் தாமதித்தால் வேறொன்று முந்திக்கொண்டு வரும் என்பதற்கு ஆக்ரா சாட்சி. தாஜ்மகாலின் சலவைக்கல் புகையால் கெடுகிறதென்று தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். அப்பிரதேசத்திலிருந்த 292 தொழிற்சாலைகள் நிலக்கரியையும் கோக்கையும் விட்டு இயற்கை வாயுவுக்கு மாறவேண்டும். இல்லையேல் வேறிடம் செல்லவேண்டும். வார்ப்படசாலைகளும் அவற்றுள் அடங்கியிருந்தன. தீர்ப்பில் தவறில்லை. ஆனால் இருபது வருஷங்களுக்கு முன்பே ஆராய்ச்சியாளரும் உலைக்காரரும் கூடி உட்கார்ந்திருந்தால், அத்தனை தொழிலாளர்கள் வேலை போய்விடுமோ என்று கலங்கியிருக்க வேண்டியதில்லை. கோர்ட்டுக் கட்டளை வாசற்படி ஏறுமுன் விஞ்ஞானம் ஏறுவதே தொழிலுக்கு க்ஷேமம்.

இனி, நாம் சொல்லும் ஏற்பாட்டுக்கு எதிராகக் கூறக்கூடிய ஆக்ஷேபங்களையும் கவனிப்போம்.

பெரம்பலூர் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. அதற்கு உலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பது எது? பம்பும் மோட்டாரும் அல்லவா? பம்பின் உடல் வார்ப்பிரும்பு. அதன் சக்கரமும் வார்ப்படம். கோயம்புத்தூர் உலைகளின் ஜீவாதாரமே இப்படிப்பட்ட பம்புகள்தாம். அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகளோ கல்லையும் கிளிங்கரையும் அரைப்பதற்கு இரும்புக் குண்டுகளையும், அரைவை உருளைக்குள் பதிக்கும் தகடுகளையும் ஓயாமல் தேய்த்துத் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. குரோமியம் மிகுந்த வார்ப்பிரும்பினால் இவற்றைச் செய்யும் பெருந்தொழில் ஆமதாபாத்தில் வளர்ந்திருக்கிறது. நமது வாசலிலேயே நிச்சயமான கிராக்கி இருக்கையில், ஒரு பங்கையாவது நாமே வார்த்துக்கொடுக்க முயல்வது தகாத காரியமா?

கியூபோலாவின் காலம் முடிந்தது, இனி எல்லாம் மின்சார உலைதான் என்று வேறு சிலர் கூறுவர். கோயம்புத்தூரில் பலர் மின்சார உலைக்கு மாறியிருப்பது உண்மையே. ஆனால் மின்சார உலையும் வீண்செலவுக்கு விலக்கானதன்று. ஒரு டன் வார்ப்பிரும்பை உருக்கி ஊற்றும் உஷ்ணத்துக்குக் கொண்டுவர, கணக்குப்படி ஏறக்குறைய 400 யூனிட் மின்சாரம் போதும். நடைமுறையில் 600 யூனிட்டும் அதற்கு மேலும் செலவாகிறது. மூடியைத் திறந்து வைப்பதாலும், துருப்பிடித்த பழைய இரும்பைச் சுத்தம் செய்யாமல் போடுவதாலும், உருகிய இரும்பை அச்சு தயாராகும்வரை காத்திருக்க வைப்பதாலும் இந்நஷ்டம் உண்டாகிறது. 2008க்கும் 2014க்கும் இடையே தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டை அனுபவித்தவர்கள், ஒரே எரிபொருளை நம்பி இருப்பதன் அபாயத்தை மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே கரி உலையானாலும் மின்சார உலையானாலும், பித்தளை உருக்கும் குழி உலையானாலும், ஆராய்ச்சி வேண்டியதே.

மூன்றாவது ஆக்ஷேபம்தான் கனமானது. முதலாளிகள் தமது கணக்கையும் உலையையும் அயலாருக்குத் திறந்து காட்டமாட்டார்கள்; பண்டிதர்கள் தமது கட்டுரைகளை அச்சேற்றியதும் திருப்தியடைந்து விடுவார்கள்; இந்த இரு ஜாதியாரும் எப்படிச் சேர்வார்கள் என்பது அது. நாம் இதை மறுக்கவில்லை. நாம் சென்று பார்த்த ஒரு சிறு வார்ப்படசாலையில், உலையைப் பார்த்துக்கொள்ளும் முதியவரிடம் இரும்பின் உஷ்ணம் எவ்வளவு என்று கேட்டோம். துளையின் வழியாய் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெளுக்கணும் ஐயா, இப்போ ஊத்தினா ஓரத்துக்கு ஓடாது" என்றார். அவருடைய கண்ணே உஷ்ணமானி. அந்தக் கண்ணுக்கு எந்தக் கலாசாலையும் பட்டம் கொடுத்ததில்லை. எந்த ஆராய்ச்சியாளரும் அதுவரை அவரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதுமில்லையாம். குறை இருபுறத்திலும் இருக்கிறது. குறையிருப்பதனாலேயே கூட்டு வேண்டும் என்கிறோம். இருவரும் ஏற்கெனவே ஒன்றாயிருந்தால் நாம் எழுதவேண்டிய அவசியமே ஏது?

மேலும், ஆராய்ச்சியும் தொழிலும் கூடி வாழ்ந்த உதாரணங்கள் நமது தேசத்தில் இல்லாமலில்லை. ஜாம்ஷெட்பூரிலுள்ள தேசிய உலோக ஆராய்ச்சிசாலைக்கு 1946ஆம் ஆண்டு நவம்பரில் அஸ்திவாரக்கல் நாட்டியவர் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார். 1950இல் ஜவாஹர்லால் நேரு அதைத் திறந்துவைத்தார். இரும்பு ஆலையின் அண்டையிலேயே உலோக ஆராய்ச்சிசாலை அமைந்தது தற்செயலன்று. அதன் கிளையொன்று சென்னைத் தரமணியில் ஏற்பட்டது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அளித்ததால், மத்திய மின்ரசாயன ஆராய்ச்சிசாலை 1948இல் அஸ்திவாரமிடப்பட்டு 1953இல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரில் 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தர்மஸ்தாபனத்தார், பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்சாலையையும் இயந்திரக் கல்லூரியையும் அருகருகே வளர்த்தனர். மாணாக்கன் காலையில் படித்ததை மாலையில் கையால் தொட்டுப் பார்க்கும் வசதி அங்கே உண்டாயிற்று. நமக்கு இன்னும் அருகில், திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிலையத்தார் 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினர். 1964இல் தோன்றிய அந்நகரத்துப் பொறியியற் கல்லூரி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாய் விளங்குகிறது. அதிலே உலோகவியற் பகுதி இருக்கிறது. பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகளே. முன்னது 1995லும் பின்னது முடிவாக 2007லும் தனி ஜில்லாக்களாயின. ஜில்லாவின் எல்லை பிரிந்ததால் வித்தையின் எல்லையும் பிரிந்துவிட வேண்டுமா?

ஆகவே, ஆராய்ச்சிசாலைகளைப் புதிதாய்க் கட்டவேண்டும் என்பது நமது கோரிக்கையன்று. கட்டியிருப்பவை உலைக்களத்துக்கு நடந்து வரவேண்டும் என்பதே. அதற்கு நாம் கூறும் வழிகள் இவை.

முதலாவது, இவ்விரு ஜில்லாக்களிலும் அக்கம்பக்கத்துத் தாலுகாக்களிலும் இருக்கும் உலோக உலைகள் ஒவ்வொன்றையும் பார்வையிட்டு, ஒரு டன் உலோகத்துக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது, எத்தனை வார்ப்படம் பழுதாகிறது என்று ஒரு ஜாபிதா தயாரிக்கவேண்டும். நோயின் அளவு தெரியாமல் மருந்து கொடுப்பது வைத்தியமாகாது. கும்பகோணம், நாச்சியார்கோவில் முதலிய ஊர்களின் பித்தளை, வெண்கல உலைகளையும் இதிற் சேர்க்கலாம்; ஆற்றைத் தாண்டியதால் அவர்கள் அந்நியராகி விடமாட்டார்கள். ஜாபிதாவில் காணும் தொழில் ரகசியங்களை ஒருவருடைய பெயரோடு மற்றவருக்கு வெளியிடலாகாது என்ற உறுதியையும் முன்கூட்டியே அளிக்கவேண்டும்.

இரண்டாவது, ஹௌராவின் பாடத்தைப் பின்பற்றி, மாதிரி உலையை நடக்கும் ஒரு தொழிற்சாலையிலேயே கட்டவேண்டும். அதனால் அந்த முதலாளிக்கு உற்பத்தி தடைப்பட்டு நஷ்டம் வருமாயின், பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும். தன் அடுப்பைப் பரீட்சைக்குக் கொடுப்பவன் தன் சோற்றைப் பணயம் வைக்கிறான் என்பதைப் பண்டிதர்கள் மறக்கலாகாது.

மூன்றாவது, இதற்குப் பணம் எங்கே என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத் திருத்தத்தின்படி, சுரங்க உரிமை பெற்றவர்கள் தாம் செலுத்தும் ராயல்டியின்மேல் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்தவேண்டும். அப்பணம் சுரங்கத்தினால் பாதிக்கப்பட்ட பிரதேசத்தாரின் நன்மைக்கே செலவாக வேண்டும். சுண்ணாம்புச் சுரங்கங்கள் நிறைந்த அரியலூருக்கு இது சொந்தப் பணம். குடிநீரும் வைத்தியமும் பள்ளியும் முதலில் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கல் ஒருநாள் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகும் பிள்ளைகள் பிழைப்பதற்கு ஒரு வித்தையை இப்போதே ஊன்றி வைப்பதைக் காட்டிலும் அப்பணத்துக்கு வேறு நல்ல உபயோகம் எது? சிமெண்ட் ஆலைக்காரர்களும் ஒரு பங்கு அளிக்கட்டும். அதைத் தர்மமாக அளிக்கவேண்டாம். தமக்கு வேண்டிய குண்டுகளையும் தகடுகளையும் பரீட்சார்த்தமாய் இங்கே வார்க்கச் சொல்லிக் கட்டளையிட்டு வாங்கட்டும். நூறு சொற்பொழிவுகளை விட ஒரு கொள்முதல் உத்தரவு ஆராய்ச்சியை விரைவாய் வளர்க்கும்.

நான்காவது, பொதுப்பணத்தால் கண்ட உலையின் படங்களும் அளவுகளும் பொதுச்சொத்தாக வேண்டும். அவை தமிழில் அச்சாக வேண்டும். கொத்தனாரும் உலைக்காரரும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கவேண்டும். ஆங்கிலக் கட்டுரையாய் அலமாரியில் உறங்கும் கண்டுபிடிப்பு கரியை மிச்சப்படுத்தாது.

ஐந்தாவது, தொழிலாளி இக்கூட்டில் மூன்றாவது பங்காளியாக இருக்கவேண்டும். ஆராய்ச்சிசாலையும் முதலாளியும் சேர்ந்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. உலையின் வாயில் நின்று கரியை அளந்து போடுபவன் அவன். புதிய முறையை அவன் மனமொப்பி ஏற்காவிட்டால், இரண்டே மாதத்தில் மேல்துளை அடைபட்டுக் கிடக்கும். மிச்சமாகும் கரியின் விலையில் ஒரு பங்கு அவன் கூலியிற் சேர்ந்தால் அவனே ஆராய்ச்சியின் காவற்காரனாவான். புகை குறைவதால் முதலில் நன்மையடைவதும் அவனுடைய நெஞ்சுதான். அரியலூரிலும் பெரம்பலூரிலும் பொறியியற் கல்லூரிகளில் படித்துவிட்டு வேலை தேடி வெளியூர் செல்லும் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் சிலரையாவது ஆறு மாதம் இந்த உலைகளின் அருகே நிறுத்தினால், முதியவரின் கண்ணும் இளைஞனின் கருவியும் ஒன்றையொன்று கற்றுக்கொள்ளும்.

இவை யாவும் மலையைப் புரட்டும் காரியங்களல்ல. ஒரு கலெக்டர், ஒரு பேராசிரியர், சில முதலாளிகள், சில உலைக்காரர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் தொடங்கிவிடலாம். அவர்களை உட்கார வைக்கவேண்டிய பொறுப்பு தேசத்தொண்டர்களுடையது. கூட்டங்களில் சுதேசியைப் பற்றி முழங்குவது எளிது. ஒரு சிறு வார்ப்படசாலைக்குச் சென்று, 'உமது உலை டன்னுக்கு எத்தனை கிலோ கரி தின்கிறது?' என்று கேட்டு, அந்த எண்ணை எழுதிக்கொண்டு வந்து, அடுத்த ஆண்டு அது குறைந்ததா என்று மறுபடி போய்ப் பார்ப்பது கடினம். அந்தக் கடினமான தொண்டையே இன்றைய தேசம் கேட்கிறது.

நமது மூசை உருக்கு கடல் கடந்து சென்று அந்நியரின் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்தது. சேலத்து இரும்புக்கல் கொள்ளிடத்தில் மிதந்து சென்று பலனின்றி முடிந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அவ்வாறே கைநழுவிப் போகும் பொருள்களின் வரிசையிற் சேரவேண்டுமா, அல்லது தன் மண்ணிலேயே ஓர் உலையைக் கண்டு அதைத் துலக்க வேண்டுமா என்பதை இந்த ஜில்லாவாசிகளே தீர்மானிக்கவேண்டும். கல் இருக்கிறது, கலாசாலை இருக்கிறது, பணமும் இருக்கிறது, கிராக்கியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே: இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கை. அந்தக் கையை நீட்டுமாறு சர்க்காரையும், ஆராய்ச்சியாளரையும், ஆலை முதலாளிகளையும், எல்லோரினும் மேலாக நமது ஊழியர்களையும் நாம் வேண்டிக்கொள்கிறோம்.